உடம்பைப் படிக்கிறவர்கள்

கலைக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவர்களுக்கு இரண்டு வகை வகுப்புகள் வாய்க்கும். தமிழையே பாடமாக எடுத்துப் படிக்க வந்தவர்களின் வகுப்பு ஒன்று. வேறெதையோ படிக்க வந்து, பகுதி ஒன்று என்ற பெயரில் தமிழையும் கேட்டாக வேண்டியவர்களின் வகுப்பு மற்றொன்று. வணிகவியல், கணினி அறிவியல், இயற்பியல் என்று எல்லா வகுப்புகளுக்கும் நாங்கள் முறைவைத்துப் போய் வருவோம். ஆண்டுத் தொடக்கத்தில் கால அட்டவணை போடும்போது அனைவரும் மெல்ல ஒதுங்கிக்கொள்கிற வகுப்பு ஒன்று எங்கள் கல்லூரியில் உண்டு. உடற்கல்வி முதலாண்டு. 'அவனுகளுக்கு எதுக்குய்யா சிலப்பதிகாரம்?' என்று கேட்ட மூத்த பேராசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கேள்வி மட்டும் துறையிலேயே தங்கிவிட்டது.

ஆறு ஆண்டுகளாக அந்த வகுப்புக்கு நான் போகிறேன். கேட்டு வாங்கிக்கொண்டதுதான். விடியற்காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் இறங்கி, எட்டு மணிக்கு விடுதிக்கு ஓடிக் குளித்து, கிடைத்ததைத் தின்றுவிட்டு, ஒன்பதரை மணிக்கு முதல் பாடவேளைக்கு வந்து உட்காருகிறவர்கள் அவர்கள். கணுக்காலில் செம்மண் ஒட்டியிருக்கும். பத்து நிமிடத்தில் கண் சொருகும். எழுப்பி உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில் பயனில்லை. அவர்கள் விழித்துக்கொள்ளும்படியான ஒன்றைப் பேச வேண்டும். அப்படிப் பேச வேண்டுமானால் அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

'விளையாடுறதுக்கு ஒரு டிகிரியா?' என்று கேட்பவர்கள் அவர்களுடைய பாடத்திட்டத்தை ஒருமுறை வாங்கிப் பார்க்கலாம். உடற்கூறியல், உடலியங்கியல், உடலசைவியல், உயிர் இயந்திரவியல், விளையாட்டு உளவியல், பயிற்சிக் கோட்பாடு, அளவீடும் மதிப்பீடும், முதலுதவி, ஓகம், நடுவர் பணி, மைதானம் அமைத்தல், கற்பித்தல் பயிற்சி. பிளஸ் டூ முடித்தவர்கள் பி.பி.இ.எஸ். என்ற மூன்றாண்டுப் படிப்பில் சேர்வார்கள். பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் அதன் மேல் பி.பி.எட். வேண்டும். முன்பு ஓராண்டாக இருந்த அந்தப் படிப்பைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் இரண்டாண்டாக்கிவிட்டன. ஆக, ஐந்து ஆண்டுகள்.

இந்தக் கல்வி நமக்கு நேற்று வந்ததும் அன்று. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1919-இல் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதன் வளர்ச்சிதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியின் மேலாளராகவும் அவரே போனார். பிறகு, 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உருவாயிற்று, மேலக்கோட்டையூரில் இருக்கிறது. நூறாண்டு கடந்த ஒரு துறைக்கு நம் பொதுப்பேச்சில் உள்ள பெயர் இன்னும் 'பீட்டி'தான்.

தொல்காப்பியத்தில் பிறப்பியல் நடத்துவது எந்த வகுப்பிலும் எளிதன்று. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தொலியாகிறது என்பதை இலக்கிய மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதுவார்கள். உடற்கல்வி வகுப்பில் இதைச் சொன்னபோது, கடைசி வரிசையில் இருந்த கபடி ஆட்டக்காரன் ஒருவன் எழுந்து, "உந்தின்னா தொப்புளா ஐயா? காத்து அங்கேயிருந்து வராதே, நுரையீரல்லேருந்துதானே வரும்?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவனே விடை சொன்னான். "டயபரம் மேல தள்ளுறது வயித்துலதானே தெரியும், அதைச் சொல்லியிருப்பாங்க." எழுந்து வந்து கரும்பலகையில் உதரவிதானத்தை வரைந்தும் காட்டினான். மூச்சை உள்ளே இழுக்கும்போது அது தட்டையாகிக் கீழே இறங்குவதையும், வெளியே விடும்போது தளர்ந்து குவிமாடம்போல மேலெழுவதையும், பலமாகப் பேசும்போது வயிற்றுத் தசைகள் சேர்ந்து அழுத்துவதையும் அம்புக்குறி போட்டு விளக்கினான். எம்.ஏ. வகுப்பில் எனக்கு யாரும் பிறப்பியலை இவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை.

அதன் பின் மாத்திரைக்குப் போனோம். கண்ணிமைப்பதையும் விரல் நொடிப்பதையும் ஒலியின் அளவாக வைத்துக்கொண்ட இலக்கணம் நம்முடையது. கடிகாரம் இல்லாத காலத்தில் உடம்புதான் கடிகாரம். கபடிக்காரனுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. சடுகுடு ஆடிய தலைமுறைக்கு எதிராளி எல்லைக்குள் இருக்கக்கூடிய நேரம் ஒரு மூச்சின் நீளம். பாடிக்கொண்டே போக வேண்டும். பாட்டு அறுந்தால் ஆள் போயிற்று. இன்றைய விதியில் ஒரு முறை பாடிச் செல்வதற்கு 30 விநாடி. அந்த 30 விநாடியில் உடம்பு எங்கிருந்து ஆற்றலை எடுக்கிறது என்பது அவர்களுடைய உடலியங்கியல் பாடத்தில் வருகிறது. முதல் பத்து விநாடி அளவுக்குத் தசையிலேயே தயாராக இருக்கும் ஏ.டி.பி.யும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் தாங்கும். அது தீரத் தொடங்கும்போது, உயிர்வளியை எதிர்பாராமல் சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் எடுக்கும் முறை முன்னால் வரும். ஓரிரு நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும் எந்த உழைப்புக்கும் மூச்சு கொண்டுவரும் உயிர்வளிதான் முதன்மையான துணை. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் கதவுகள் அல்ல என்றும், மூன்றும் எப்போதும் திறந்தேதான் இருக்கின்றன, எது அகலமாகத் திறந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு என்றும் எனக்குச் சொன்னவன் அதே மாணவன்தான். உவமை அவனுடையது.

இதையெல்லாம் அவர்கள் தேர்வில் எழுதுகிறார்களா என்றால் பெரும்பாலோர் இல்லை. காரணம் மொழி. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குத் துறைப்பாடக் குறிப்புகள் ஆங்கிலத்தில் வருகின்றன. கையேட்டில் உள்ள வரிகளை அப்படியே உருப்போட்டு எழுதி, ஐம்பதுக்கு இருபது வாங்கி, 'நமக்கு மண்டையில ஏறாது' என்று அவர்களே தங்களைப் பற்றி முடிவு கட்டிக்கொள்கிறார்கள். எனவே தமிழ்க் கட்டுரைப் பயிற்சிக்கு 'நான் விரும்பும் தலைவர்' போன்ற தலைப்புகளை விட்டுவிட்டேன். உங்கள் பாடத்திலிருந்து ஏதேனும் ஒன்றை உங்கள் பாட்டிக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன்.

வந்த தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தசையின் சுருக்க வகைகளைப் பற்றி ஒரு மாணவி எழுதியது இது: சுவரைக் கையால் தள்ளினால் சுவர் நகராது, கையும் நகராது, ஆனால் களைப்பு வரும், அது ஐசோமெட்ரிக். நெல் மூட்டையைத் தூக்கும்போது புஜத்தசை குறுகி வேலை செய்கிறது, அது கான்சென்ட்ரிக். அதே மூட்டையைப் 'பொத்'தென்று போடாமல் மெதுவாக இறக்கிவைக்கும்போது தசை நீண்டுகொண்டே வேலை செய்கிறது, அது எக்சென்ட்ரிக். மறுநாள் அதிகம் வலிப்பது இறக்கிவைத்தவனுக்குத்தான். ஆங்கிலக் கையேட்டில் ஒன்றரைப் பக்கம் வரும் செய்தி இது. கலைச்சொற்களை அவள் தமிழாக்கவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவும் இல்லை.

இந்த இடத்தில் எஸ். நவராஜ் செல்லையாவை நினைக்காமல் இருக்க முடியாது. உடற்கல்வித் துறையைச் சேர்ந்த அவர் விளையாட்டு பற்றியும் உடற்பயிற்சி பற்றியும் தமிழிலேயே நூல் நூலாக எழுதிக் குவித்தார். 'விளையாட்டுக் களஞ்சியம்' என்ற இதழையும் நடத்தினார். அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டிருக்கின்றன. பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து ஒரு நூல் செய்திருப்பதை நம் இலக்கிய நண்பர்கள் அறிவார்கள். செல்லையாவை அறிந்தவர்கள் குறைவு. அவருக்குப் பிறகு உடலியங்கியல் வெகுதூரம் போய்விட்டது. அந்தத் தூரத்தைத் தமிழில் எழுதிச் சேர்க்க இன்னும் பலர் வேண்டும்.

எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு சான்று. கடுமையான பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலிக்கு 'லாக்டிக் ஆசிட் தேங்கிப்போச்சு' என்று மைதானத்தில் காலங்காலமாகக் காரணம் சொல்லப்படுகிறது. பயிற்சியில் உண்டாகும் லாக்டேட் ஓரிரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது என்றும், இதயமும் பிற தசைகளும் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன என்றும், ஒருநாள் இருநாள் கழித்து உச்சமடையும் வலிக்குக் காரணம் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைத் தொடரும் அழற்சியுமே என்றும் இப்போதைய உடலியங்கியல் சொல்கிறது. இதைப் படித்த ஒரு மாணவன், விடுமுறையில் ஊருக்குப் போனபோது தன் பழைய பயிற்சியாளரிடம் சொன்னானாம். 'நாலெழுத்துப் படிச்சதும் எனக்கே பாடமா?' என்று அவர் அவனை மைதானத்தைவிட்டு அனுப்பிவிட்டார். பயிற்சி நடுவே தண்ணீர் குடிக்கக் கூடாது என்று பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியவரும் அவர்தான். உடற்கல்வியை அறிவியலாகப் படிப்பதால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு, அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடைக்கும் என்று ஒரு விடை சொல்லலாம்.

இன்னொரு விடையும் இருக்கிறது. 800 மீட்டர் ஓடுகிற ஒரு மாணவி. முதல் சுற்று நன்றாக ஓடுவாள்; இரண்டாம் சுற்றின் பாதியில் கால் கல்லாகிவிடும். பள்ளியில் 'சோம்பேறி, மனசு வச்சு ஓட மாட்டேங்குறா' என்றே பெயர் வாங்கியிருந்தாள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் பருவத்தில் இரத்தத்தைப் பற்றிய பாடம் வந்தது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமக்கும் உயிர்வளி ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. அந்த வாரம் நடந்த மருத்துவ முகாமில் அவளுக்கு வந்த அளவு 9.2.

அவள் தானே பெருக்கிப் பார்த்தாள். பன்னிரண்டு கிராம் இருந்தால் 16 மில்லிலிட்டர், தன்னிடம் 12.3 மட்டும். நான்கில் ஒரு பங்கு மூச்சு, ஓட்டம் தொடங்குமுன்பே பறிபோயிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கினாள். சாப்பிட்ட உடனே தேநீர் குடிப்பதை நிறுத்தினாள். எலுமிச்சையும் நெல்லியும் சேர்த்துக்கொண்டாள். அடுத்த ஆண்டு அவளுடைய ஓட்ட நேரத்தில் பதினோரு விநாடி குறைந்தது. பயிற்சியின் பங்கும் அதில் உண்டு. ஆனால் அவள் என்னிடம் வந்து சொன்னது விநாடியைப் பற்றி அன்று. "நான் சோம்பேறி இல்ல ஐயா" என்றாள். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அவர்களில் எத்தனை பேர் எந்தெந்த வேலையில் சோம்பேறிப் பட்டம் வாங்கிக்கொண்டிருக்கிறார்களோ!

அந்தப் பெண்ணின் தந்தை கொத்தனார். இரண்டாமாண்டு நடுவில், விளையாட்டு விழாவுக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது கல்லூரிக்கு வந்தார். துறைத்தலைவர் வெளியூர் போயிருந்ததால் என்னிடம் அனுப்பினார்கள். "வணக்கம் ஐயா. பிள்ளைக்கு ஒரு இடம் அமைஞ்சிருக்கு. டீசி வாங்கிட்டுப் போயிரலாம்னு வந்தேன். ஓடுற படிப்பு படிச்சு என்னங்கய்யா ஆகப்போகுது?" என்றார். கோபமாகப் பேசவில்லை, களைத்துப்போய்ப் பேசினார். பெண் மைதானத்தில் இருந்தாள். அழைத்துக்கொண்டு போனேன்.

அங்கே அவளும் இரு தோழியரும் விழாவுக்காக ஓடுதளம் வரைந்துகொண்டிருந்தார்கள். நூல்கயிறு, அளவு நாடா, முளைக்குச்சி, ஒரு வாளியில் சுண்ணாம்புத் தூள். நேர்கோட்டுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு பிடிக்க வேண்டிய இடம். கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து மீட்டர் அளந்து முக்கோணம் கட்டிக்கொண்டிருந்தாள். கொத்தனார் நின்று பார்த்தார். "மூலைமட்டமில்ல பிடிக்குது!" என்றார், எனக்கா தமக்கா என்று தெரியாத குரலில். வீட்டுக்கு வானம் தோண்டுமுன் அவர் முப்பது ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை. சற்று நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். "தொய்யுது பாரு, இழுத்துப் பிடி" என்றார்.

வளைவுக்கு வந்தபோது, வெளித்தடத்துக்காரர்களை ஏன் முன்தள்ளி நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார். அவள் விளக்கினாள். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். ஒரு சுற்று முடிவதற்குள் வெளியே இருப்பவர் அந்த அகலத்தின் இரண்டு மடங்கைப் பையால் பெருக்கிய தூரம், அதாவது 7.67 மீட்டர், கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். உள்விளிம்பில் கட்டை பதித்த தளமானால் முதல் தடத்தை 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள், மற்றவற்றை 20 சென்டிமீட்டர் தள்ளி. அப்போது இரண்டாம் தடத்துக்கு 7.04. எங்கள் மைதானத்தில் கட்டை கிடையாது, வெறும் சுண்ணாம்புக் கோடுதான். இன்னொன்றும் சொன்னாள். மைதானம் 400 மீட்டராக இருந்தாலும் 200 மீட்டராக இருந்தாலும் ஒரு முழுச் சுற்றுக்கு இந்த வேறுபாடு மாறாது. தடத்தின் அகலம்தான் கணக்கு. அவர் அதை நம்பவில்லை. இருவரும் மண்ணில் குச்சியால் போட்டுப் பார்த்தார்கள். அன்று டீசி பற்றிப் பேச்செழவில்லை. அதன்பின் வீட்டில் என்ன பேசினார்களோ, அடுத்த பருவத்துக் கட்டணத்தை அவரே வந்து கட்டிவிட்டுப் போனார்.

அந்த வாரம் வகுப்பில் நான் நடத்த வேண்டியிருந்தது புறநானூற்றின் எண்பதாம் பாட்டு. நண்பர்களுக்கு நினைவிருக்கும். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் பாடியது. ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறுகாலால் அவனுடைய உத்திகளைத் தடுத்து, பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல அவனை மோதிய காட்சி. மற்ற வகுப்புகளில் அருஞ்சொற்பொருள் எழுதிப்போட்டு நகர்ந்துவிடும் இடம் இது. இங்கே இரு மல்யுத்த மாணவர்கள் பெஞ்சை ஒதுக்கிவிட்டுக் காட்டினார்கள். மார்பில் எடை இறங்கினால் கீழே இருப்பவன் ஈர்ப்பு மையத்தை நகர்த்த முடியாது, ஆனால் காலால் புரட்டிவிடப் பார்ப்பான், அதனால் மறுகால் அங்கே இருந்தாக வேண்டும் என்றார்கள். புலவர் களத்தருகே நின்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்பது அவர்கள் தீர்ப்பு.

எனக்கு அந்தப் பாட்டில் எப்போதும் பெரியதாகத் தெரிவது மல்லாட்டம் அன்று. கிள்ளியின் தந்தை தித்தன், உறையூரை ஆண்டவன். மகன் தந்தையோடு முரண்பட்டு நாடு நீங்கியவன் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. அந்தத் தந்தை மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இந்தப் போரை அவன் வந்து காண வேண்டும் என்கிறார் சாத்தந்தையார். வென்றவனைப் புகழ்கிற பாட்டில் வராத ஒரு பார்வையாளனை நோக்கி இவ்வளவு ஏக்கம் எதற்கு என்று கேட்டேன். வகுப்பில் யாரும் உடனே பேசவில்லை. நாற்பது பேரில் 'என் அப்பா நான் ஆடி ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை' என்று கையுயர்த்தியவர்கள் முப்பத்தொரு பேர்.

படித்து முடித்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. 2012-இல் தமிழக அரசு உடற்கல்வி, ஓவியம், தையல் முதலிய பாடங்களுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. தொகை பின்னர் சிலமுறை உயர்த்தப்பட்டாலும், அந்தத் தொடக்க எண்ணே இந்தப் பாடங்களுக்கு நாம் வைத்திருக்கும் மதிப்பைச் சொல்லிவிடும். 1953-இல் ஜெரெமி மாரிஸ் இலண்டன் மாடிப்பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்து, நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர்களைவிடப் படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு என்று 'லான்செட்' இதழில் எழுதினார். ஐந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை வருத்தி இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வழிகாட்டியிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும், வாரத்துக்கு ஒன்றிரண்டாக இருக்கும் உடற்கல்விப் பாடவேளையைப் பொதுத்தேர்வு நெருங்கினால் கணக்கோ அறிவியலோ கடன் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கடன் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கொத்தனார் மகள் பி.பி.எட். முடித்து இப்போது ஒரு தனியார் பள்ளியில் இருக்கிறாள். போன மாதம் தொலைபேசியில் பேசினாள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை அவளுடைய பாடவேளையைக் கேட்டாராம். "தர்றேன் டீச்சர், ஆனா கிரவுண்டுக்கு வந்து நடத்துங்க, வட்டத்தோட சுற்றளவை நான் கயிறு போட்டுக் காட்டுறேன்" என்றாளாம். தலைமையாசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. பாடவேளை கணக்குக்கே போயிற்று. அடுத்த வாரம் மறுபடியும் கேட்டால் மறுபடியும் இதையேதான் சொல்லப்போகிறேன் என்றாள்.

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் நண்பர்கள், இன்று மாலை அவர்களுடைய கால அட்டவணையை வாங்கிப் பாருங்கள். 'பீ.டி.' என்று எழுதியிருக்கும் கட்டத்தைக் காட்டி, சென்ற வாரம் அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.